பன்னிரண்டு பார், மூன்று கார்டு: வாசகர்களின் கிட்டார் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய ராக், ப்ளூஸ் பாடல்களைப் பற்றியவை. அதனால் இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஒன்றரை வருடமாக யூடியூபைப் பார்த்தும் டேப் (எந்தத் தந்தியில் எங்கே அழுத்துவது என்று எண்ணால் எழுதிய தாள்) படித்தும் கற்றுக்கொள்கிறேன். இருபது பாட்டுக்கு ஆரம்ப ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டு) தெரியும். ஒரு பாட்டைக்கூட முழுதாக வாசிக்கத் தெரியாது. அடுத்து எந்தப் பாட்டை எடுக்கலாம் சார்?
(கல்லூரி மாணவர், கோவை)

தம்பி, அடுத்த பாட்டைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். உங்களுக்குத் தெரிந்த இருபதில் பல பாட்டுக்கு அடியில் ஒரே எலும்புக்கூடுதான் இருக்கும். அதற்குப் பெயர் பன்னிரண்டு பார் ப்ளூஸ். மிசிசிப்பிக்காரர் ராபர்ட் ஜான்சன் 1936-லும் 1937-லும் டெக்சாஸில் 29 பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டு, 1938-ல் 27 வயதில் இறந்துபோனார். அவர் வாசித்த அமைப்பை இங்கிலாந்தின் க்ரீம் குழு 1968-ல் மேடையில் முழு வேகத்தில் வாசித்தது. சக் பெர்ரி 1958-ல் வெளியிட்ட ‘ஜானி பி. குட்’ பாட்டும் அதே பன்னிரண்டு பார்தான். அந்தப் பாட்டை 1977-ல் வாயேஜர் விண்கலத்தின் தங்கத் தட்டில் பதிந்து விண்வெளிக்கே அனுப்பிவிட்டார்கள்.

ஏ ஸ்ருதியில் இப்படி எண்ணுங்கள். ஒரு பாருக்கு நாலு தட்டு. முதல் நாலு பார் ஏ கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்). அடுத்த இரண்டு பார் டி, திரும்ப இரண்டு பார் ஏ. பிறகு ஈ ஒரு பார், டி ஒரு பார், ஏ ஒரு பார். கடைசிப் பாரில் மறுபடி ஈ, அது உங்களைத் தொடக்கத்துக்குத் தள்ளிவிடும். சில பாட்டுகளில் பத்தாவது பாரிலும் ஈ-யே நிற்கும், காதை வைத்துக் கேட்டால் தெரிந்துவிடும். ஏ-யை ஸட்ஜமாக வைத்தால் டி மத்யமம், ஈ பஞ்சமம். ச, ம, ப என்று நினைத்துக்கொண்டால் எந்த ஸ்ருதிக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

இதை வாசிக்க இரண்டு விரல் போதும். ஐந்தாம் தந்தியைத் திறந்து விட்டு, நான்காம் தந்தியில் 2-ம் ஃப்ரெட்டை (கிட்டார் கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கம்பி) ஆள்காட்டி விரலால் அழுத்தி இரண்டையும் சேர்த்து இரண்டு முறை அடியுங்கள். பிறகு மோதிர விரலால் 4-ம் ஃப்ரெட், இரண்டு முறை. அதுதான் ஏ. இந்த அடிக்குப் பெயர் ஷஃபிள். டி-க்கு அதே உருவத்தை நான்காம், மூன்றாம் தந்திகளுக்குக் கீழே இறக்குங்கள். ஈ-க்கு ஆறாம், ஐந்தாம் தந்திகளுக்கு மேலே ஏற்றுங்கள். அவ்வளவுதான், முழுப் பாட்டு வந்துவிடும்.

நான் பெரம்பூரில் வளர்ந்தவன். பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியன் அங்கிள் ரயில்வேயில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுப்பார். ஆறு வாரம் இந்தப் பன்னிரண்டு பாரைத் தவிர வேறு எதுவும் தரவில்லை. அதுவும் முதல் இரண்டு வாரம் கிட்டாரையே தொட விடவில்லை, தொடையில் தட்டிக்கொண்டு பாடச் சொன்னார். ப்ளூஸில் ஒரு வரியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவது வரியில் பதில் சொல்வார்கள். ஒவ்வொரு வரிக்கும் நாலு பார். குரல் பாதியில் நின்றுவிடும், மீதி இடத்தில் கிட்டார் பேசும். இந்த அளவு உடம்பில் ஏறிவிட்டால் பாட்டின் நடுவில் எங்கே இருக்கிறோம் என்று தேட வேண்டிய வேலையே இல்லை.

அவரிடம் 16, 33, 45, 78 என்று நாலு வேகம் கொண்ட ரெக்கார்டு பிளேயர் ஒன்று இருந்தது. கடினமான இடம் வந்தால் 33 தட்டை 16-ல் ஓட விடுவார். வேகம் பாதியாகும், ஸ்ருதியும் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடும், ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்கும். உங்கள் கைபேசி ஸ்ருதியை மாற்றாமலேயே பாதி வேகத்தில் ஓட்டித் தருகிறது. எனக்கு அந்த வயதில் இது கிடைத்திருந்தால் தூங்கியிருக்கவே மாட்டேன். டேப் தாளை மூடி வைத்துவிட்டு நாலு பாரை மட்டும் இப்படிக் கேளுங்கள். வாயால் பாட வந்த பிறகு கையால் தேடுங்கள். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

கேள்வி: நீங்கள் சொல்லும் இந்த ஷஃபிள் அடியை வாசிக்கிறேன். மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) தப்பவில்லை. ஆனாலும் கேட்டால் பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரி இருக்கிறது. ஏன்?
(வங்கி ஊழியர், மதுரை)

ஒரு தட்டைச் சரிபாதியாக இரண்டாக வெட்டுகிறீர்கள். ஷஃபிளில் ஒரு தட்டுக்குள் மூன்று இருக்கிறது, அதாவது திஸ்ர நடை. ‘தகிட தகிட தகிட தகிட’ என்று நாலு முறை சொல்லுங்கள், ஒரு பார் ஆயிற்று. இப்போது ‘த’-விலும் ‘ட’-விலும் மட்டும் தந்தியை அடியுங்கள், ‘கி’-யில் முதல் ஒலி நீளட்டும். நீளம், குட்டை, நீளம், குட்டை என்று வண்டி தானாக ஆடத் தொடங்கும்.

இன்னொன்று. நாம் தாளத்தில் சமத்தை அழுத்தித் தட்டிப் பழகியவர்கள். ராக், ப்ளூஸில் டிரம்ஸின் பலத்த அடி இரண்டிலும் நாலிலும் விழும். பாட்டைப் போட்டுவிட்டு அந்த இரண்டு இடத்தில் மட்டும் கை தட்டிப் பாருங்கள். மூன்று நிமிடம் தடுமாறாமல் தட்ட முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வலது உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தந்திகளை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கட்டும், ஒலி கெட்டியாகும். மெட்ரோனோம் 70-ஐத் தாண்ட வேண்டாம். வேகம் கூடினால் இந்த ஆட்டம் முதலில் காணாமல் போகும்.

கேள்வி: எட்டு வருடம் வீணை கற்றேன். இப்போது மகனுடைய எலெக்ட்ரிக் கிட்டாரில் ப்ளூஸ் பழகுகிறேன். மைனர் பென்டடோனிக் என்பது நம் சுத்த தன்யாசிதானே? அதே ஸ்வரங்களை வாசித்தும் ப்ளூஸ் மாதிரி ஒலிக்கவில்லையே?
(வாசகி, திருச்சி)

சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. வீணைக்காரர்களுக்கு ப்ளூஸின் மிகக் கடினமான பகுதி ஏற்கெனவே கையில் இருக்கிறது.

ஸ்வர ஸ்தானங்கள் ஒன்றுதான். ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், ப, கைசிகி நிஷாதம். ஏ ஸ்ருதியில் 5-ம் ஃப்ரெட்டில் கை வைத்தால் கிடைப்பது இதுவே. வேறுபாடு அடியில் ஒலிக்கும் கார்டில் இருக்கிறது. நீங்கள் சாதாரண காந்தாரத்தை வாசிக்கும்போது பின்னால் வாசிக்கிறவர் ஏ கார்டில் அந்தர காந்தாரத்தை அடித்துக்கொண்டிருப்பார். இரண்டும் உரசும். ப்ளூஸ் பாடகர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் நிற்பார்கள். அந்த இடத்துக்கு ஃப்ரெட் கிடையாது, தந்தியை இழுத்துத்தான் போக வேண்டும். மூன்றாம் தந்தி 5-ம் ஃப்ரெட்டை அழுத்தி, வீணையில் இழுப்பது போலக் கொஞ்சமே கொஞ்சம் தரையை நோக்கி இழுங்கள். அந்தர காந்தாரத்தைத் தொட்டுவிடக் கூடாது. அந்தப் பாதி வழியில் நிறுத்திக் கேளுங்கள், நீங்கள் தேடும் ஒலி அங்கேதான் இருக்கிறது. மத்யமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில் பிரதி மத்யமத்தை ஓடுகிற ஓட்டத்தில் தொட்டுப் போவதும் உண்டு. அங்கே தங்கக் கூடாது.

முழு பென்டுக்கு (தந்தியைத் தள்ளி ஸ்வரத்தை ஏற்றுவது) ஒரு சோதனை சொல்கிறேன். இரண்டாம் தந்தி 5-ம் ஃப்ரெட்டைத் தட்டிப் பஞ்சமத்தைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு மூன்றாம் தந்தி 7-ம் ஃப்ரெட்டில் மோதிர விரலை வைத்து, பின்னால் இரண்டு விரல்களைத் துணைக்குச் சேர்த்து, மேலே தள்ளி அதே பஞ்சமத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒரு இழை குறைந்தாலும் காது சொல்லிவிடும். நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் பெரும்பாலோர் இதில் ஸ்ருதி குறைவாகவே நின்றுவிடுகிறார்கள். உங்கள் காது அதை விடாது.

பி. பி. கிங்கைக் கேளுங்கள். 1964 நவம்பரில் சிகாகோவின் ரீகல் அரங்கில் பதிவான கச்சேரி ஒன்று இருக்கிறது. அவர் பாடும்போது வாசிப்பதில்லை, வாசிக்கும்போது பாடுவதில்லை. ஒரே ஸ்வரத்தைப் பிடித்து மணிக்கட்டால் அசைப்பதைக் கவனியுங்கள், அந்த அசைவில் அவர் குரலே கேட்கும். அப்புறம், இந்த இசையைப் பெண்கள் வாசிப்பார்களா என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். லெட் ஸெப்பலின் என்ற ராக் குழு 1971-ல் வெளியிட்ட வெள்ளப் பாட்டு, மெம்ஃபிஸ் மின்னி என்ற கிட்டார் கலைஞர் தன் கணவருடன் 1929-லேயே பதிவு செய்தது. 1927-ல் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊர்களை மூழ்கடித்ததைப் பாடியது அது. தயங்காமல் வாசியுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்றுவிட்டேன், வயது 61. அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. விரல் நுனி எரிகிறது, எஃப் கார்டு வரவே இல்லை. இந்த வயதில் இது தேவையா?
(வாசகர், தஞ்சாவூர்)

தேவைதான் ஐயா. எலிசபெத் காட்டன் என்று ஓர் அம்மா, வட கரோலினாக்காரர். இடது கைப் பழக்கம், வலது கைக் கிட்டாரைத் தந்தி மாற்றாமல் அப்படியே தலைகீழாகப் பிடித்து வாசித்தார். சிறுமியாக இருந்தபோது கற்றதைப் பல வருடங்கள் விட்டுவிட்டு, ஒரு வீட்டில் வேலை செய்த காலத்தில், 60 வயதை ஒட்டி மறுபடி கையில் எடுத்தார். முதல் ஆல்பம் 1958-ல் வந்தது. 1985-ல், 90 வயதைத் தாண்டிய பிறகு, கிராமி வாங்கினார்.

எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் கிட்டார்தான். 12-ம் ஃப்ரெட்டில் தந்திக்கும் ஃப்ரெட் கம்பிக்கும் நடுவில் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் கடையில் கொடுத்து செட்டப் செய்யச் சொல்லுங்கள். 12 கேஜ் (தந்தியின் தடிமன்) தந்தியைக் கழற்றி 10 அல்லது 11 போடுங்கள். எல்லாத் தந்தியையும் அரை ஸ்வரம் இறக்கிக் கட்டினாலும் இளகும். ஜிமி ஹென்ட்ரிக்ஸே அப்படித்தான் கட்டினார். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காராமல் காலை, மாலை, இரவு என்று பத்துப் பத்து நிமிடம் வாசியுங்கள். எஃப் இப்போதைக்கு வேண்டாம். மேலே கோவைத் தம்பிக்குச் சொன்ன ஏ ஸ்ருதிப் பன்னிரண்டு பாரில் எஃப் எங்குமே வராது.

கேள்வி: க்ளாசிக் ராக் ஒலிக்கு எந்த டிஸ்டார்ஷன் பெடல் வாங்கலாம்?
(வாசகர், சென்னை)

ஆறு மாதம் எதுவும் வாங்காதீர்கள். அந்த உறுமல் ஒலி, வால்வு ஆம்ப்பை (கிட்டார் ஒலிபெருக்கியை) அது தாங்காத அளவுக்குச் சத்தமாக வைத்ததால் பிறந்தது. 1966-ல் லண்டனில் எரிக் க்ளாப்டன் ஒரு லெஸ் பால் கிட்டாரை மார்ஷல் ஆம்ப்பில் செருகி அப்படித்தான் பதிவு செய்தார். உங்கள் ஆம்ப்பில் கெயினை (உறுமலைக் கூட்டும் திருகை) பாதிக்குக் கீழே வைத்து, பிக்கால் அழுத்தி அடித்தால் உறுமவும், மெதுவாக அடித்தால் தெளியவும் செய்கிற இடத்தைத் தேடுங்கள். கெயின் அதிகமானால் கையின் பிழைகள் மறைந்துவிடும், திருத்த முடியாது.

கேள்வி: லேத் பட்டறையில் வேலை செய்கிறேன், வயது 29. போன வருடம் இடது கை மோதிர விரல் நுனி மெஷினில் போய்விட்டது. அதற்கு முன் ஏழு மாதம் கிட்டார் பழகியிருந்தேன். இப்போது தந்தியைத் தொட்டாலே வலி. விற்றுவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.
(வாசகர், ஓசூர்)

தம்பி, விற்காதீர்கள். உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன்.

பர்மிங்காமில் டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். மெஷினில் வலது கையின் நடு விரல், மோதிர விரல் நுனிகள் போய்விட்டன. அவன் இடது கைப் பழக்கக்காரன், தந்தியை அழுத்துகிற கையே அதுதான். அந்தத் தொழிற்சாலை மேலாளர் அவனுக்கு ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். ஜாங்கோ 1928-ல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கி, மீதி இரண்டை வைத்தே தனி ஆவர்த்தனம் வாசித்தவர். அயோமி பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் தொப்பி செய்தார், மேலே தோல் ஒட்டினார், மெல்லிய தந்தி கட்டினார். 1970-ல் அவருடைய ப்ளாக் ஸபத் குழுவின் முதல் ஆல்பத்தில் கேட்பது அந்த விரல்கள்தான்.

தொப்பியை மருத்துவரிடம் காட்டி, வலி அடங்கிய பிறகு முயலலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம், ஸ்லைடு வாசியுங்கள். ப்ளூஸின் ஆதி முறைகளில் ஒன்று அது. புட்டிக் கழுத்தை வெட்டி விரலில் மாட்டி, தந்தியின் மேல் வழுக்கி வாசித்தார்கள். ராக் கிட்டார் கலைஞர் டுவேன் ஆல்மன் ஒரு கண்ணாடி மருந்துப் புட்டியை மாட்டிக்கொண்டார். உங்களுக்குத் தேவை சுண்டு விரல் மட்டும்.

ஆறாம், முதல் தந்திகளை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். ஐந்தாம் தந்தியை ஏ-யிலிருந்து ஜி-க்கு இறக்குங்கள். மற்றவை அப்படியே இருக்கட்டும். திறந்த தந்திகளை அடித்தாலே ஜி கார்டு. 5-ம் ஃப்ரெட்டில் ஸ்லைடை வைத்தால் ச-வுக்கு ம, 7-ல் ப. பன்னிரண்டு பாரும் இந்த மூன்று இடத்தில் முடிந்துவிடும். ஸ்லைடு ஃப்ரெட் கம்பிக்குப் பின்னால் அல்ல, அந்தக் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். அழுத்தாதீர்கள், தந்தியின் மேல் மிதக்கட்டும். ஆள்காட்டி விரல் ஸ்லைடுக்குப் பின்னால் தந்திகளைத் தொட்டுக்கொண்டே வரட்டும், இல்லாவிட்டால் இரைச்சல் வரும்.

ஸ்லைடைக் கடையில் வாங்க வேண்டாம். மற்ற வாசகர்களுக்கு இல்லாத வசதி உங்களுக்கு இருக்கிறது. பித்தளை ராடு ஒரு துண்டு எடுத்து, சுண்டு விரலுக்குச் சற்று இறுக்கமாக உள்விட்டம் போர் அடித்து, சுவர் மூன்று மில்லிமீட்டர், நீளம் 55 மில்லிமீட்டர் வையுங்கள். இரண்டு ஓரத்துக்கும் சேம்ஃபர் கொடுத்து, வெளிப்புறத்தில் டூல் கோடு ஒன்றுகூடத் தெரியாத அளவுக்கு எமரி தாள் போட்டு மெருகேற்றுங்கள். கோடு இருந்தால் தந்தியில் கரகரக்கும். செய்து மாட்டிப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.