ஃபார்மிக் அமிலமும் பலேடியம் நானோதுகள்களும்: கேள்வி பதில்

கேள்வி: ஃபார்மிக் அமிலத்தைச் சிதைத்து ஹைட்ரஜன் எடுக்க, வினையூக்கியான பலேடியம் உலோகத்தை நானோதுகளாக்கியே ஆக வேண்டுமா?

பதில்: ஆம். வினை மேற்பரப்பில் மட்டுமே நடக்கிறது. 2 நானோமீட்டர் துகளில் ஏறத்தாழப் பாதி அணுக்கள் வெளிப்புறத்தில் இருக்கும். 100 நானோமீட்டர் துகளில் நூற்றில் ஒன்றுதான்.

கேள்வி: அம்மோனியாவின் எடையில் 17.6 சதவீதம் ஹைட்ரஜன். ஃபார்மிக் அமிலத்தில் 4.4 மட்டுமே. பிறகு ஏன் இது?

பதில்: ருத்தேனியம் என்ற உலோக வினையூக்கி இருந்தாலும் அம்மோனியாவைச் சிதைக்கப் பொதுவாக 400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நல்ல பலேடியம் வினையூக்கியில் ஃபார்மிக் அமிலம் அறை வெப்பநிலையிலேயே சிதையும்.

கேள்வி: ஐயா, கணக்குப்படி 250 மில்லிலிட்டர் வாயு முழுதும் வந்தது, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் வழியே செலுத்தியதும் 125 ஆனது. கார்பன் மோனாக்சைடு இல்லை என்று எழுதலாமா?

பதில்: எழுதவே கூடாது. அமில மூலக்கூறு சரியான வழியில் சிதைந்தால் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் வரும். தவறான வழியில் சிதைந்தால் மோனாக்சைடும் நீரும் வரும். கரைசல் டை ஆக்சைடை மட்டுமே உறிஞ்சுவதால், எவ்வழியில் சிதைந்தாலும் ஒரு மூலக்கூறு அமிலத்துக்கு ஒரு மூலக்கூறு வாயு மிஞ்சும். அமிலத்தில் 1 சதவீதம் தவறான வழியில் போனாலும் உங்கள் 125 மாறாது. ஆனால் அதில் 1.25 மில்லிலிட்டர் மோனாக்சைடு, அதாவது பத்து லட்சத்தில் 10,000 பங்கு இருக்கும். ஹைட்ரஜனைக் கொண்டு மின்சாரம் தரும் வாகன எரிபொருள் மின்கலத்துக்கான பன்னாட்டுத் தர வரம்போ 0.2 பங்கு. கரைசலில் கழுவுமுன் மொத்த 250-இல் குறையும் 1.25 மில்லிலிட்டரை, அறைச் சூடு 2 டிகிரி ஏறினாலே மறைத்துவிடும்.

அவரே மீண்டும்: பலேடியம் மோனாக்சைடு தராது என்று பல ஆய்வுக் கட்டுரைகள் சொல்கின்றனவே?

பதில்: அவர்கள் தங்கள் வினையூக்கியை அளந்து சொன்னார்கள், நீங்கள் உங்களுடையதை அளக்க வேண்டும். பலேடியத் துகள்களைத் தாங்கும் பொருளும் வெப்பநிலையும் செறிவும் மாறினால் வினையின் வழியும் மாறக்கூடும். வாயுக் கலவையைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபில் மோனாக்சைடை மீத்தேனாக மாற்றி, சுடர் அயனியாக்க உணரியில் பாருங்கள்.

கேள்வி: அதே வினையூக்கியை மீண்டும் பயன்படுத்தும்போது மூன்றாம் சுற்றில் வேகம் குறைகிறதே?

பதில்: முதலில் அதே மோனாக்சைடைச் சந்தேகியுங்கள்; அது பலேடியத்தில் ஒட்டிக்கொண்டு இடத்தை அடைக்கும். பிறகு துகள்கள் ஒன்றுசேர்ந்து பெருத்தனவா என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள்.

கேள்வி: குமிழி நன்றாக வருகிறது, அது போதாதா?

பதில்: போதாது. மேலே விளக்கிவிட்டேன்.

கேள்வி: பழைய அடர் ஃபார்மிக் அமிலப் புட்டியைப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். வினையூக்கி இல்லாமலே அது மெல்லச் சிதைந்து மோனாக்சைடை வெளியிடும். இறுக மூடிய புட்டி அழுத்தத்தில் வெடித்ததுண்டு. அவ்வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. புட்டியைத் திறக்காமல் ஆய்வகப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் தெரிவியுங்கள்.