கொடுங்கோலனுக்குத் தூக்கு சரியா?

கேள்வி: ஈராக்கை ஆண்ட சதாம் உசேனைப் போன்றவர்களைத் தூக்கில் போடுவதைக் கிறிஸ்தவம் ஏற்கிறதா? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: எல்லாச் சபைக்கும் ஒரே பதில் இல்லை அம்மா. வேதாகமத்தில் ரோமர் 13-ல் அதிகாரியின் கையில் இருக்கும் பட்டயத்தை, அதாவது தண்டிக்கும் வாளைக் காட்டி, 'சரிதான்' என்பவர்கள் உண்டு. நானும் வெகுநாள் அந்தக் கட்சிதான். கத்தோலிக்கத் திருச்சபையோ 2018-ல் போப் பிரான்சிஸ் காலத்தில் மறைக்கல்வி நூலையே திருத்தி, மரண தண்டனை கூடவே கூடாது என்றுவிட்டது.

ஈராக்கின் துஜைல் ஊரில் 148 பேரைக் கொன்ற வழக்கில் 2006 டிசம்பர் 30 அன்று சதாமுக்குத் தூக்கு. அந்தச் செல்போன் வீடியோவைப் பார்த்தேன். கழுத்தில் கறுப்புத் துணி, அதன்மேல் தடித்த கயிறு, சதாமுக்கு எதிரான ஷியா தலைவர் ஒருவரின் பெயரைச் சொல்லி 'முக்ததா' என்று கூச்சல். கலிமா சொல்லி முடிப்பதற்குள் பலகை திறந்துவிட்டது. இரக்கமெல்லாம் வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் ஈராக்கின் குர்து இன மக்களைக் கொன்று குவித்த அன்ஃபால் வழக்கு அவர்மேல் அப்போது பாதியில் நின்றது. அந்தத் தாய்மார்களுக்குப் பதில் சொல்லாமலே போய்விட்டாரே!