பொத்தானை அழுத்தும் நொடியில் நாய் எதைப் பார்க்கிறது?

நாய்ப் பயிற்சி குறித்த வாசகர் கேள்விகளுக்கு ஒரு பயிற்சியாளரின் பதில்கள்

கேள்வி: எங்கள் நாய்க்கு இரண்டு வயது. வீட்டுக்குள் சொன்னதெல்லாம் கேட்பான். வெளியே கயிற்றை அவிழ்த்துவிட்டால் நான் யாரோ, அவன் யாரோ. போன வாரம் ஒரு பூனையைத் துரத்திக்கொண்டு சாலைக்கு நடுவே ஓடிவிட்டான். வண்டி ஓட்டியவர் சட்டென்று பிரேக் போட்டதால் பிழைத்தான். ரிமோட்டில் பொத்தானை அழுத்தினால் நாயின் கழுத்தில் மின் அதிர்ச்சி கொடுக்கும் ஷாக் காலரை (கழுத்துப் பட்டை) வாங்கச் சொல்கிறார் நண்பர். "குறைந்த அளவில் வைத்தால் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும், என் கையிலேயே வைத்துப் பார்த்தேன்" என்கிறார். வாங்கலாமா மேடம்?

பதில்: வாங்க வேண்டாம். இதைச் சொல்லும் நான் அந்தக் காலரை ஆறு வருடம் பயன்படுத்தியவள். அதனால் உங்கள் நண்பர் சொல்வது எனக்குப் புதிதில்லை. நானும் என் முழங்கையில் வைத்து அழுத்திக் காட்டித்தான் பலரை நம்பவைத்தேன்.

அந்தச் சோதனையில் என்ன கோளாறு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. நம் கையில் நாமே அழுத்தும்போது எப்போது வரும், எதற்காக வரும், எப்போது நிற்கும் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். நாய்க்கு இதில் ஒன்றுமே தெரியாது. எங்கோ தூரத்தில் ஒருவர் பொத்தானை அழுத்த, அதன் கழுத்தில் திடீரென்று ஏதோ சுரீர் என்கிறது. அளவும் நிலையானது இல்லை. காலரில் இருக்கும் இரண்டு உலோக முனைகள் தோலைத் தொட்டால்தான் மின்சாரம் பாயும். முடி அடர்த்தியா, கழுத்து ஈரமா, பட்டை இறுக்கமா என்பதைப் பொறுத்து, ரிமோட்டில் ஷாக்கின் அளவை ஒரே எண்ணில் வைத்திருந்தாலும் நாய் உணர்வது மாறும். அதோடு, பூனையைத் துரத்தும் வேகத்தில் இருக்கும் நாய்க்கு எறும்புக் கடி உறைக்கவே உறைக்காது. அப்போது என்ன செய்வோம்? எண்ணை ஏற்றுவோம். நான் ஏற்றியிருக்கிறேன்.

என் சொந்த நாய் மணியைப் பற்றிச் சொல்கிறேன். அவனுக்கு அணில் என்றால் உயிர். தினமும் நாங்கள் நடக்கப் போகும் பாதையில் பெரியவர் ஒருவர் வருவார். மணியைக் கண்டால் குனிந்து காதைத் தடவிக் கொடுப்பார், அவனும் வாலை ஆட்டிக்கொண்டு அவரிடம் ஓடுவான். ஒரு நாள் மரத்தடியில் அணிலைப் பார்த்துப் பாய்ந்தான். நான் பொத்தானை அழுத்தினேன். அதே நொடியில் அவனுக்கு எதிரே அந்தப் பெரியவர் குடையை விரித்தார். மணி கத்திக்கொண்டே பின்வாங்கினான்.

அணிலை அவன் விட்டுவிடவில்லை. மறுநாளே துரத்தினான். ஆனால் அந்தப் பெரியவரைக் கண்டால் என் காலுக்குப் பின்னால் ஒளிய ஆரம்பித்தான். வீட்டில் யாராவது குடையை எடுத்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். மழைக்காலம் முழுக்க அவனை வெளியே அழைத்துப்போகவே பாடுபட்டோம். விரிக்காத குடையைத் தரையில் போட்டு, அதைச் சுற்றி இறைச்சித் துண்டுகளை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி அவனை மீட்க ஏழு மாதம் ஆனது. அந்தப் பெரியவரிடம் மட்டும் அவன் பழையபடி ஓடிப் போகவே இல்லை.

நான் கற்பிக்க நினைத்தது அணிலைப் பற்றி, அவன் கற்றுக்கொண்டது குடையைப் பற்றி. உங்கள் நாய்க்கு அந்த நொடியில் எதிரே குடைக்குப் பதில் ஒரு குழந்தை இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வலிக்குக் காரணம் அந்தக் குழந்தைதான் என்று நினைத்துவிட்ட நாய் பயந்து ஒதுங்கலாம், பாய்ந்து கடிக்கவும் செய்யலாம்.

"சரியான நொடியில் அழுத்தினால் இந்தப் பிரச்சினை இல்லையே" என்று கேட்பார்கள். ஜெர்மனியின் ஹனோவரில் 14 பீகிள் நாய்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2007-ல் வெளியிட்டார்கள். இரையைப் போலச் செய்த பொம்மையைத் தொட்ட அதே நொடியில் மட்டும் ஷாக் பெற்ற நாய்களைவிட, எதற்கு என்றே புரியாமல் ஷாக் பெற்றவற்றுக்கும், கூப்பிட்டு வராததற்காக ஷாக் பெற்றவற்றுக்கும் மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் நன்றாகவே கூடியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் நொடி தவறாமல் அழுத்தலாம். பதறிக்கொண்டே ஓடும் நாம் தெருவில் அப்படி அழுத்துவோமா? உங்கள் தேவையும் 'கூப்பிட்டால் வருவது' தான் என்பதைக் கவனியுங்கள்.

சரி, கொஞ்சம் வலித்தாலும் வேலை நடக்கிறதா என்று பார்ப்போம். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கூப்பிட்டால் வராதது போன்ற சிக்கல் உள்ள 63 நாய்களை மூன்று குழுக்களாகப் பிரித்துப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். காலரைப் பயன்படுத்திய பயிற்சியாளர்கள் சாதாரண ஆட்கள் இல்லை, காலர் தயாரிப்பாளர்களின் சங்கமே பரிந்துரைத்தவர்கள். அப்படியும், வெகுமதி கொடுத்துப் பழக்கிய குழுவின் நாய்கள்தான் ஒரே அழைப்பில் அதிகம் வந்தன, வேகமாகவும் வந்தன. 2020-ல் வெளியான இந்த ஆய்வைப் படித்த அன்று, அந்த ஆறு வருடத்தில் என்னிடம் வந்துபோன நாய்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வேல்ஸில் 2010 முதல் இந்தக் காலர்களுக்குத் தடை இருக்கிறது. ஜெர்மனியில் 2006-லேயே உச்ச நிர்வாக நீதிமன்றம் இது விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானது என்று சொல்லிவிட்டது.

இனி உங்கள் வேலை. முதலில், இன்றிலிருந்து அவனைத் திறந்த வெளியில் அவிழ்த்துவிடாதீர்கள். மார்புப் பட்டை ஒன்றும் பத்து மீட்டர் நீளக் கயிறும் வாங்குங்கள். நீளக் கயிற்றைக் கழுத்துப் பட்டையில் மாட்டக் கூடாது, ஓடி நின்றால் கழுத்து வெட்டி இழுக்கும். மார்புப் பட்டையில்தான் மாட்ட வேண்டும்.

அடுத்து, கூப்பிடும் சொல்லை மாற்றுங்கள். இத்தனை நாள் 'வா, வா' என்று நீங்கள் கத்தியதும் அவன் வராததும் சேர்ந்து அந்தச் சொல்லைக் கெடுத்துவிட்டன. புதிதாக ஒரு சொல், இல்லாவிட்டால் ஒரு விசில். வீட்டுக்குள் அதைச் சொன்ன உடனே அவனுக்கு மிகவும் பிடித்த தின்பண்டம், ஒரு நாளைக்கு இருபது முறை. ஒரு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். அப்புறம் வாசல், அப்புறம் ஆள் நடமாட்டம் இல்லாத மைதானம், கடைசியில்தான் பூனை இருக்கும் தெரு.

பலரும் தவறுவது எங்கே தெரியுமா? விளையாட்டு முடியும்போது மட்டும் நாயைக் கூப்பிடுகிறார்கள். நாய் கணக்கில் கெட்டி. 'இந்தச் சத்தம் வந்தால் ஜாலி முடிந்தது' என்று புரிந்துகொண்டு தள்ளி நிற்கும். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை தின்பண்டத்தைக் கொடுத்துவிட்டு 'போ, விளையாடு' என்று திருப்பி அனுப்புங்கள். எவ்வளவு தாமதமாக வந்தாலும், நீங்கள் எவ்வளவு கோபமாக இருந்தாலும், வந்த நாயைத் திட்டக் கூடாது. கயிறு கைநழுவி ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். எதிர்ப்பக்கம் திரும்பி நீங்கள் ஓடுங்கள், பெரும்பாலான நாய்கள் பின்னால் வரும்.

இதற்கு மாதங்கள் பிடிக்கும். வேட்டைப் புத்தி மிக அதிகமாக உள்ள சில நாய்களை வேலி இல்லாத இடத்தில் எப்போதுமே கயிறோடுதான் வைத்திருக்க வேண்டியிருக்கும். மணியும் கடைசி வரை அப்படித்தான் இருந்தான். பத்து மீட்டர் கயிற்றோடு அவன் சந்தோஷமாகவே ஓடினான்.

கேள்வி: காலரில் ஷாக்கை அணைத்துவிட்டு, அதில் வரும் 'பீப்' ஒலியை மட்டும் பயன்படுத்தினால்?

பதில்: ஒருமுறைகூட ஷாக் வாங்காத நாய்க்கு அது வெறும் ஒலி. அதை விசில் போலப் பழக்கலாம், தவறில்லை. ஏற்கெனவே ஷாக் வாங்கிய நாய்க்கு அந்தப் பீப், வரப்போகும் வலிக்கு முன்னறிவிப்பு. நெதர்லாந்தில் பாதுகாப்புப் பணி நாய்களைக் கவனித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், ஷாக் வாங்கிய நாய்கள் பயிற்சி மைதானத்துக்கு வெளியே, பூங்காவில் நடக்கும்போதும் உரிமையாளரின் பக்கத்தில் அதிக மன அழுத்தம் காட்டின. அங்கே பீப் கூடத் தேவைப்படவில்லை, உரிமையாளர் கூட இருந்ததே போதுமானதாக இருந்தது.

கேள்வி: நாங்கள் வேலைக்குப் போனதும் எங்கள் நாய் விடாமல் குரைக்கிறது என்று பக்கத்து வீட்டில் புகார். குரைத்தால் தானாக ஷாக் கொடுக்கும் காலரை மாட்டினோம். சத்தம் குறைந்தது. ஆனால் இப்போது கழுத்தில் இரண்டு இடத்தில் புண். பட்டையைத் தளர்த்தினால் போதுமா?

பதில்: தளர்த்தினால் போதாது, இன்றே கழற்றிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உலோக முனைகள் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் அழுத்துவதால் தோல் செத்துப் புண்ணாகிறது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு முதுகில் வருவதைப் போலத்தான் இதுவும். சீழ் பிடித்தால் ஆறுவதற்கு நாளாகும்.

சத்தம் குறைந்ததைப் பற்றிச் சொன்னீர்கள். நீங்கள் கிளம்பிய பிறகு அரை மணி நேரம் போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். கதவைப் பிறாண்டுவது, ஓயாமல் நடப்பது, எச்சில் வடிப்பது இதெல்லாம் தெரிந்தால், உங்கள் நாய் தனிமைக்குப் பயந்து அழுதிருக்கிறது, காலர் அந்த அழுகையை மட்டும் அடைத்திருக்கிறது. பயம் உள்ளே அப்படியே இருக்கும். புண்ணைக் காட்டப் போகும்போது அந்த வீடியோவையும் மருத்துவரிடம் காட்டுங்கள், சில நாய்களுக்கு மருந்தும் தேவைப்படும். கொஞ்ச நாளைக்கு முழுநாள் தனியே விடாமல் யாராவது கூட இருக்க ஏற்பாடு செய்யுங்கள். அந்த நாட்களில் ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்று வெளியே போய்த் திரும்பி, அவன் பதறத் தொடங்கும் முன்பே வந்து பழக்குங்கள்.

கேள்வி: எங்கள் நாய்க்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதிர்வு மட்டும் தரும் காலர் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஷாக் வசதியே இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், கைதவறி அழுத்திவிடும் பயம் இருக்காது. எடுத்த எடுப்பில் கழுத்தில் மாட்டாதீர்கள். முதலில் உங்கள் கையில் பிடித்து அவன் பக்கத்தில் அதிரவிட்டு, உடனே தின்பண்டம் கொடுங்கள். சில நாய்கள் அதிர்வுக்கே மிரளும். உங்களுடையதும் மிரண்டால் விட்டுவிடுங்கள். மிரளவில்லை என்றால் கழுத்தில் மாட்டி, அதிர்ந்ததும் உங்களைத் திரும்பிப் பார்த்தால் தின்பண்டம் என்று பழக்குங்கள். அதிர்வுக்கு 'என்னைப் பார்' என்ற ஒரே அர்த்தம்தான் இருக்க வேண்டும். பார்த்த பிறகு வா, உட்கார் எல்லாம் கைச் சைகையில். இருட்டிய பிறகு டார்ச்சை இரண்டு முறை அணைத்துப் போட்டாலும் இதே வேலை நடக்கும், அதற்கும் முதலில் தின்பண்டம் கொடுத்தே பழக்குங்கள்.