இன்ஸ்பெக்டரைப் பிரித்துப் பாருங்கள்

கேள்வி: தமிழ்வழியில் படித்தவள் நான். இப்போது வங்கித் தேர்வுக்குத் தயாராகிறேன். லத்தீன் வேர்ச்சொல் தெரிந்தால் இங்கிலீஷ் சுலபம் என்றார்கள். 500 வேர்கள் கொண்ட பட்டியலை இரண்டு மாதமாக மனப்பாடம் செய்கிறேன், மனதில் நிற்கவே மாட்டேன் என்கிறது. இந்த வழி சரிதானா?

பதில்: வழி சரி, பட்டியல்தான் தப்பு. மேற்பார்வை, எதிர்பார்ப்பு, பார்வையாளர் மூன்றிலும் 'பார்' இருக்கிறது. இதை யாரும் உங்களுக்குப் பட்டியல் போட்டுத் தரவில்லை. சொற்களோடு புழங்கியதில் தானாகப் பிடிபட்டது. லத்தீனையும் அப்படித்தான் பிடிக்க வேண்டும், அதுவும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லிலிருந்து.

இன்ஸ்பெக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 'இன்' என்றால் உள்ளே, 'ஸ்பெக்ட்' என்றால் பார். உள்ளே புகுந்து பார்ப்பவர். ஸ்பெக்டேட்டர் வெறும் பார்வையாளர். 'எக்ஸ்' வெளியே, ஆகவே எக்ஸ்பெக்ட் என்பது வாசலை நோக்கிக் காத்திருப்பது. நம் எதிர்பார்ப்பிலும் அதே 'பார்'தான். 'ரீ' என்றால் திரும்ப. "ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தான்" என்கிறோமே, அதுதான் ரெஸ்பெக்ட். கீழிருந்து, மறைவாகப் பார்த்தால் சஸ்பெக்ட். இவ்வளவும் கைக்கு வந்தபின் தேர்வில் சர்கம்ஸ்பெக்ட் வந்தால் பயம் எதற்கு? 'சர்கம்' என்றால் சுற்றி. நாலாபக்கமும் பார்த்து அடியெடுத்து வைப்பவர், அதாவது எச்சரிக்கையானவர்.

வேரின் முகம் மாறும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். 'கான்' என்றால் சேர்த்து, கூட. கன்டக்டர் கூட்டிக்கொண்டு போகிறவர். கலெக்டர் சேர்த்துத் திரட்டுபவர். வெள்ளைக்காரன் காலத்தில் அவருடைய முதல் வேலையே வரி வசூல்தானே. இரண்டிலும் ஒரே 'கான்'தான். பின்னால் 'ல' வந்ததும் அது 'கல்' ஆகிவிட்டது. 'இல்லை' என்ற பொருளில் வரும் இன்னொரு 'இன்'னும் அப்படியே: இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர். பல்லும் பொடியும் சேர்ந்தால் பற்பொடி, மரத்தோடு 'கள்' சேர்ந்தால் மரங்கள் என்று எழுதும் நமக்கு இது புதிதா என்ன? புணர்ச்சி விதியைத் திட்டிக்கொண்டே படித்திருப்பீர்கள், இங்கே பலன் தருகிறது. வினைவேரும் உருமாறும். சப்மிட், சப்மிஷன் ஆகும். ரிசீவ், ரிசெப்ஷன், ரெசிபியன்ட் மூன்றும் ஒரே வேர். வா, வந்தான், வருகை போல.

இரண்டு இடத்தில் உஷார். டேங்கர் லாரியின் பின்னால் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருந்தால், 'இன்' என்பது 'இல்லை' என்று நினைத்துப் பக்கத்தில் பீடி பற்ற வைத்துவிடாதீர்கள். இந்த 'இன்' உள்ளே என்ற பொருளில் வருவது. சட்டென்று தீப்பிடிக்கும் என்று அர்த்தம். அப்புறம், பெடஸ்ட்ரியனில் 'பெட்' என்றால் கால் என்று படித்த என் மாணவர் ஒருவர், பீடியாட்ரிஷியனைக் கால் டாக்டர் என்று எழுதிவிட்டார். அது கிரேக்கத்தில் குழந்தையைக் குறிக்கும் வேறொரு சொல்லிலிருந்து வந்தது. வேர் சொல்வது ஒரு யூகம்தான். அந்தச் சொல் வரும் வாக்கியத்தில் பொருத்திப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

இந்த முறை எல்லாவற்றுக்கும் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் ஃப்ரெஞ்சு வழியாக லத்தீன் சொற்கள் நுழைந்தன. பின்னாளில் படித்தவர்கள் நேரடியாகவும் கொண்டுவந்தார்கள். ஆனால் கிவ், புட், கெட் போன்ற அன்றாடச் சொற்கள் பழைய ஜெர்மானியச் சரக்கு. கிவ் அப், புட் அப் வித் எல்லாம் லத்தீனால் திறக்காத பூட்டு. அவற்றை வாசித்துப் பழகத்தான் வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? பட்டியலை மூடி வையுங்கள். பழைய வினாத்தாள்களில் நீங்கள் தப்பாக எழுதிய சொற்களை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றின் வேரையும் நல்ல அகராதியில் பாருங்கள். ஒரு வேருக்கு நோட்டில் ஒரு பக்கம்: மேலே உங்களுக்குத் தெரிந்த ஒரு சொல், கீழே அதே வேரில் நான்கைந்து புதிய சொற்கள், ஒவ்வொன்றுக்கும் நீங்களே எழுதிய ஒரு வாக்கியம். வாரத்துக்கு மூன்று வேர் போதும். தேர்வுக்குள் முப்பது பக்கம் நிரம்பினாலே பெரிய விஷயம். முதல் பக்கத்தின் தலையில் இன்ஸ்பெக்டரை உட்கார வையுங்கள்.