கண் நரம்பு வீக்கம்: பயந்துகொண்டு ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்

கேள்வி: எனக்கு 29 வயது. தலைவலி என்று கண் பரிசோதனைக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் நரம்பு வீங்கியிருக்கிறது, எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்றார்கள். இணையத்தில் மூளைக் கட்டி என்று படித்ததிலிருந்து போகவே பயம். பார்வை நன்றாக இருக்கிறது, குனிந்து எழுந்தால் மட்டும் சில நொடி இருட்டுகிறது. காதில் இரைச்சல், கண் துடிப்பு, கருவளையம் உண்டு. எடை கூடிவிட்டது. பருவுக்கு டாக்சிசைக்ளின் நானே வாங்கிச் சாப்பிடுகிறேன். வீக்கம் குறையச் சொட்டு மருந்து உண்டா?

பதில்: நாளைக்கே ஸ்கேன் எடுங்கள் அம்மா. கட்டி இருந்தால் நீங்கள் பார்க்காததால் அது போய்விடாது, இல்லையென்றால் இத்தனை நாள் வீணாகப் பயந்திருக்கிறீர்கள். உங்கள் வயதில், எடை கூடிய பெண்களுக்கு, கட்டி எதுவும் இல்லாமலே மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் ஏறி, அது கண் நரம்பின் உறை வழியாக வந்து நரம்பை வீங்கவைப்பதைத்தான் அதிகம் பார்க்கிறோம். ஆனால் ஸ்கேன் பார்க்காமல் அதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்திருந்தாலும் இதே வீக்கம் வரும் என்பதால் அந்தச் சிரைகளைப் படமெடுக்கும் எம்.ஆர்.வி. ஸ்கேனையும் சேர்த்து எடுக்கக் கேளுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். பிபியும் பார்த்துவிடுங்கள், மிக அதிகமான பிபியும் நரம்பை வீங்கவைக்கும்.

எனக்குக் கவலை தருவது நீங்கள் 'மட்டும்' போட்டு எழுதிய அந்த இருட்டுதான். பித்தம், ரத்தசோகை என்று சொல்லி நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். வீங்கிய நரம்புக்கு ரத்தம் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதற்கான அறிகுறி அது. இந்த நோயில் ஓரப் பார்வைதான் முதலில் போகும், நடுப்பார்வை கடைசிவரை நிற்கும், அதனால் எழுத்துப் பலகையைக் கடகடவென்று படித்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், ஓரப் பார்வையையும் அளக்கும் பார்வைப் புலப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். இருட்டு விலகாமல் நின்றாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, தலைவலியோடு வாந்தி, வலிப்பு வந்தாலோ நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லையென்றால் முதுகில் ஊசி போட்டு நீரின் அழுத்தத்தை அளப்பார்கள். நீர் ஏறும் உயரத்தை வைத்து அளக்கும் இந்த அழுத்தம் 25 செ.மீ.க்கு மேல் போனால் அதிகம். அந்த ஊசியால் கால் விளங்காமல் போகும் என்பது வெறும் வதந்தி, தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் குத்துவார்கள். அப்புறம் அந்த அழுத்தத்தைக் குறைக்க அசெட்டசோலமைடு மாத்திரை தருவார்கள், அதனால் விரல் நுனி மரத்துப்போனால் பயப்படாதீர்கள். எடையைக் குறைப்பதும் மருந்துக்குச் சமம், 80 கிலோ இருப்பவர் 5 கிலோ குறைத்தாலே நரம்பில் மாற்றம் தெரியலாம். பார்வை வேகமாகக் குறைகிறவர்களுக்குத்தான் ஆபரேஷன்.

டாக்சிசைக்ளினை இன்றே நிறுத்துங்கள். அதுவே இந்த அழுத்தத்தை ஏற்றக்கூடிய மருந்து, வைட்டமின் ஏ மாத்திரையும் அப்படித்தான். பருவுக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதை எத்தனை முறை சொல்லியும் யாரும் விடுவதில்லை! சொட்டு மருந்தால் பயன் இல்லை. ஸ்டீராய்டையும் நீங்களாகத் தொடாதீர்கள்.

கண் துடிப்பு, கருவளையம் இரண்டையும் மறந்துவிடுங்கள். காது இரைச்சல் நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கிறதா என்று கவனித்து நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அது அவருக்கு உதவும்.