வால்வு ஆம்ப் வாங்கும் முன் பரணைப் பாருங்கள்

கேள்வி: கும்பகோணத்தில் மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசிக்கிறேன். சென்னையில் ஒருவர் 1970-களில் வந்த ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப் விற்கிறார். அவருடைய மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்ததாம். ஒன்றரை லட்சம் சொல்கிறார். ஒரே ஒருமுறை வாசித்தேன், அந்த நாதம் காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. வாங்கலாமா?

பதில்: போகாதுதான். அதனாலேயே விலை பேசக் காதை அனுப்பாதீர்கள்.

ட்வின் ஒரு வால்வு ஆம்ப், அதாவது பழைய ரேடியோவில் இருந்ததுபோன்ற கண்ணாடி வால்வுகளால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி. எடை சுமார் 29 கிலோ. கச்சேரி முடிந்து ராத்திரி இரண்டு மணிக்கு வேனில் ஏற்றும்போது அந்த எடை தெரியும். சத்தமும் அப்படித்தான். அந்தப் பத்தாண்டின் மாடல்களில் 85 வாட்டும் உண்டு, 135 வாட்டும் உண்டு. வால்வு ஆம்பில் பலர் தேடுவது, சத்தத்தை மிக அதிகமாகக் கூட்டி வால்வு திணறும்போது வரும் உறுமலை. ட்வின் லேசில் திணறாது, திணற வைத்தால் தெருவே எழுந்து வரும். அதன் பெருமை தெளிவான ஒலி. பந்தலில் எப்படியும் ஆம்ப் முன்னால் மைக் வைத்துப் பெரிய ஸ்பீக்கருக்குத்தான் அனுப்பப் போகிறீர்கள். அதற்கு 15, 20 வாட் தாராளம்.

ஆசை விடவில்லை என்றால் கரண்ட் விஷயத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வெளியே வைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும், ஹெர்ட்ஸை (கரண்ட் துடிக்கும் வேகத்தை) மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கு என்றே செய்த, ஆம்புக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இங்கே கூடுதலாகச் சூடாகும். ஒரு மணி நேரம் ஓடவிட்டுத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வெளிநாட்டு ஏற்றுமதிக்குச் செய்த மாடலாக இருந்து, பின்பக்கம் வோல்டேஜ் மாற்றும் வசதி இருந்தால் நல்லது. வயரில் எர்த் பின்னை யாராவது வெட்டி எறிந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் மேல் 606 என்று தொடங்கும் எண் இருந்தால் அது ஷூமாக்கர் கம்பெனியுடையது. பிறகு வரும் எண்கள் ஆண்டும் வாரமும். அது விற்பவர் சொல்லும் வருடத்தோடு ஒத்துப்போக வேண்டும். வால்வு போனால் புதிதாக வாங்கிவிடலாம், இன்றும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவில் செய்கிறார்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மர் போனால் பாதி மதிப்பு போச்சு. கரண்டைச் சேமித்துச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சர்களை இதுவரை மாற்றவே இல்லை என்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். நீங்களே திறந்து பார்க்க வேண்டாம், உள்ளே பார்ப்பதையும் தொடுவதையும் மெக்கானிக்கிடம் விடுங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் அந்தக் கண்டன்சரில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

என் கணக்கில் ஒன்றரை லட்சம் அதிகம். அடுத்த கேள்வியையும் படித்துவிடுங்கள்.

கேள்வி: திருத்துறைப்பூண்டியில் தாத்தா மைக் செட் வாடகைக்கு விட்டவர். கோயில் திருவிழாவுக்குப் போன அவருடைய வால்வு ஆம்ப் பரணில் கிடக்கிறது. கிட்டாருக்குப் பயன்படுமா? பழைய இரும்புக் கடைக்குப் போட அப்பா துடிக்கிறார்.

பதில்: அப்பாவை இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதில் இ.எல்.34 என்று போட்ட வால்வு இருந்தால், பல மார்ஷல் கிட்டார் ஆம்புகளில் உறுமுவது அதே ரக வால்வுதான். இ.எல்.84 என்றால் வாக்ஸ் ஏசி30 என்ற கிட்டார் ஆம்பின் வால்வு. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) ஒரு காலத்தில் வால்வு செய்தது. ‘பெல்’ முத்திரை தெரிந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள், வெளிநாட்டுக்காரர்களும் தேடும் சரக்கு.

கஜா புயலில் பரண் நனைந்ததா? நனைந்திருந்தால் டிரான்ஸ்ஃபார்மரைச் சோதிக்காமல் கரண்ட் கொடுக்கவே கூடாது. நனையாவிட்டாலும் நேராக பிளக்கில் சொருகாதீர்கள். வால்வு ரேடியோ பார்த்துப் பழகிய மெக்கானிக் ஒருவரைப் பிடியுங்கள். டெல்டாவில் இன்னும் இருக்கிறார்கள், பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். கண்டன்சர்களை மாற்றி, எர்த் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜ் ஏற்றிப் பார்ப்பார்.

பின்னால் 100 வோல்ட் லைன் என்று ஒரு முனை இருக்கலாம். அது தூரத்துக் குழாய் ஸ்பீக்கர்களுக்கானது. கிட்டார் ஸ்பீக்கரை அதில் மாட்டாதீர்கள். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் 8 ஓம் என்று போட்ட முனையில்தான். கிட்டாரை கிராமபோன் இன்புட்டில் சொருகினால் சுத்தமாகக் கேட்கும், மைக் இன்புட்டில் கரகரக்கும். அந்தக் கரகரப்புக்குத்தான் மற்றவர்கள் லட்சம் கொடுக்கிறார்கள்! ஸ்பீக்கர் மாட்டாமல் மட்டும் ஆன் செய்துவிடாதீர்கள். நான் ஒருமுறை செய்தேன், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிய வாசனை அறையில் மூன்று நாள் இருந்தது.

கேள்வி: பழைய ஆம்ப் வாங்கி ஏமாந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? (மயிலாடுதுறை வாசகர்)

பதில்: வியாபாரமாக விற்பவரிடம் வாங்கியிருந்தால் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும், முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து பாருங்கள். வீட்டில் கிடந்ததை விற்ற தனி ஆள் என்றால் நுகர்வோர் சட்டம் பெரும்பாலும் கைகொடுக்காது. அதனால் வோல்டேஜ், மாற்றிய பாகங்கள், விலை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஜிபே-யில் பணம் போடுங்கள்.