பேட்டரி தெளிப்பானா, கைத்தெளிப்பானா: 60 சென்ட் காய்கறிக்கு எது பொருந்தும்?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் 60 சென்டில் கத்தரியும் தக்காளியும் பயிரிட்டுள்ளேன். இதுவரை 16 லிட்டர் கைத்தெளிப்பானில்தான் மருந்து அடிக்கிறேன். வயது 57 ஆகிவிட்டதால் தோள்பட்டை வலிக்கிறது. பேட்டரி தெளிப்பான் வாங்கலாமா? பஞ்சகவ்யம் தெளிக்கவும், வரப்பில் களைக்கொல்லி அடிக்கவும் அதையே பயன்படுத்தலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் பழைய கைத்தெளிப்பானை விற்றுவிட வேண்டாம். அதற்கும் வேலை இருக்கிறது.

ஒரே நாளில் எத்தனை டேங்க் அடிக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தே இதை முடிவு செய்ய வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கோ பத்துப் பதினைந்து சென்ட் கீரைக்கோ இரண்டு மூன்று டேங்க் போதும் என்பதால், அங்கே கைத்தெளிப்பானை விட்டு மாற எந்தக் காரணமும் இல்லை. வளர்ந்த காய்கறிப் பயிருக்கு ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் மருந்து நீர் தேவைப்படும். அந்தக் கணக்கில் உங்கள் 60 சென்டுக்கு 120 லிட்டர், அதாவது ஏழரை டேங்க் ஆகும். அவ்வளவுக்கும் இடது கை இடைவிடாமல் லீவரை அடித்துக்கொண்டிருந்தால் தோள் வலிக்கத்தான் செய்யும்.

வலி குறைவதைவிடப் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு. கை சோரும்போது அழுத்தம் குறைந்து, காலையில் அடித்த சாலுக்குக் கிடைத்த அளவு கடைசிச் சாலுக்குக் கிடைக்காமல் போகிறது. பேட்டரி பம்ப் அந்த ஏற்ற இறக்கத்தைப் பெரிதும் நீக்கிவிடுகிறது. அத்துடன் லீவரிலிருந்து விடுபட்ட கையால், உறை அணிந்துகொண்டு, கத்தரி இலைகளை ஒதுக்கி நாசிலை மேல்நோக்கித் திருப்பலாம். வெள்ளை ஈயும் தத்துப்பூச்சியும் அசுவினியும் பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில் இருப்பதால், மேலே மட்டும் நனைத்த மருந்தால் பயன் குறைவு.

எடையைப் பற்றிக் கடைக்காரர்கள் அதிகம் பேசுவதில்லை. டேங்க் நிறைந்தால் தண்ணீரே 16 கிலோ இருக்கும். வழக்கமாக வரும் 12 வோல்ட், 8 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியில் சேமிக்கக்கூடிய மின் அளவு) ஈய-அமில பேட்டரி அதனுடன் இரண்டரை கிலோவைக் கூட்டுகிறது. 12 ஏஎச் என்றால் இன்னும் ஒரு கிலோவுக்கு மேல் கூடும். பம்ப் 2 முதல் 3 ஆம்பியர் வரை இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், புதிய 8 ஏஎச் பேட்டரி ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் என்பதால் உங்கள் நிலத்துக்கு அதுவே போதுமானது. பெரிய பேட்டரியைச் சுமக்க வேண்டியதில்லை. டேங்கிலும் 12 லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். இரண்டு மூன்று நடை கூடினாலும் இடுப்புக்கு நல்லது. லித்தியம் பேட்டரி எடை குறைவானது, விலை அதிகமானது. கையில் பணம் இருந்தால் உங்கள் வயதுக்கு நான் அதைத்தான் சொல்வேன். லீவரும் சேர்ந்து வரும் இருவகை மாடல் கிடைத்தால், பாதி டேங்கில் சார்ஜ் தீர்ந்தாலும் கலந்த மருந்தை வீணாக்காமல் அடித்து முடிக்கலாம்.

மாறும்போது பலரும் தவறவிடுவது அளவுக் கணக்கு. பேட்டரி தெளிப்பானுடன் தரும் பல துளை நாசிலைப் போட்டால் பழைய கைத்தெளிப்பானைப் போல இரண்டு மடங்குக்கு மேல்கூட நீர் வெளியேறலாம். அப்போதும் பழைய பழக்கத்தில் டேங்குக்கு அதே மில்லி கலந்தால், நிலத்துக்குப் போகும் மருந்தும் செலவும் அதே அளவுக்குக் கூடிவிடும். ஆகவே முதலில் வெறும் தண்ணீர் 5 லிட்டரை அளந்து ஊற்றி, ஒரு சென்டில் உங்கள் வழக்கமான நடையில் தெளித்து, மீதியை அளந்து பாருங்கள். 2 லிட்டர் செலவானால் 60 சென்டுக்கு 120 லிட்டர். மருந்து அட்டையில் ஏக்கருக்கு இத்தனை மில்லி என்று இருந்தால், அதில் 60 சென்டுக்கு உரிய பங்கை, ஆகும் டேங்குகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கலக்க வேண்டும். பூச்சி மருந்துக்கு ஒற்றைத் துளைக் கூம்பு நாசிலே போதும். அழுத்தத்தை முழுவதும் திருகி வைத்தால் துளி மிக நுண்ணியதாகிக் காற்றோடு போய்விடும்.

களைக்கொல்லிக்குப் புதிய இயந்திரத்தைத் தொடவே கூடாது. தக்காளி 2,4-டி போன்ற களைக்கொல்லிகளின் மிகச் சிறு மிச்சத்துக்கே இலை சுருண்டு திருகிக்கொள்ளும். டேங்கைக் கழுவிவிட்டோம் என்று நம்பி, குழாயிலும் பம்பிலும் தங்கியதை அடுத்த வாரம் பயிரில் அடித்துவிடுகிறோம். உங்கள் பழைய கைத்தெளிப்பானுக்கு உரிய வேலை இதுதான். விசிறி போல் தட்டையாகப் பீச்சும் நாசிலை அதில் பொருத்தி, சிவப்புப் பெயின்டால் குறியிட்டு வைத்துவிடுங்கள். வரப்புக்கு மட்டும் என்பதால் லீவர் அடிப்பதும் பெரிய சுமையாக இராது.

பஞ்சகவ்யத்தைப் பேட்டரி தெளிப்பானில் தாராளமாக அடிக்கலாம். மூன்று சதவீதக் கரைசல் என்றால் 12 லிட்டருக்கு 360 மில்லி. ஆனால் அதை மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டியே ஊற்ற வேண்டும், ஏனெனில் சாணத் துகள் பம்பின் சிறு வால்வுகளில் சிக்கினால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், நீர் மட்டும் வராது. அடித்து முடித்ததும் இரண்டு லிட்டர் நல்ல தண்ணீரை ஊற்றி, நாசிலைக் கழற்றிவிட்டுப் பம்பை ஓட விடுங்கள்.

வாங்கும்போது கடையிலேயே தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். மூடியிலும் குழாய் இணைப்பிலும் ஒரு சொட்டுக் கசிந்தாலும் மருந்து உங்கள் முதுகில்தான் இறங்கும். பம்ப், சுவிட்ச், சார்ஜர் ஆகியவை ஒட்டன்சத்திரத்திலோ திண்டுக்கல்லிலோ தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். மானியம் எதிர்பார்த்தால், பில் போடுவதற்கு முன்பே வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரிக்க வேண்டும். ஈய-அமில பேட்டரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் மூலையில் வைத்தால் ஒரே பருவத்தில் கெட்டுவிடக்கூடும். தெளித்த அன்று மாலையே சார்ஜ் போட்டு, பயிர் இல்லாத மாதங்களிலும் மாதம் ஒருமுறை ஏற்றி வையுங்கள்.